கார் ஏசி கூலிங் ஆகவில்லையா? கேஸ் அடிப்பதற்கு முன் பார்க்க வேண்டியதெல்லாம்

சித்திரை வெயிலில் ஏசி சரியில்லை என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே ஒரு பதில் தயாராக இருக்கும்: "கேஸ் குறைஞ்சிருக்கும் சார், அடிச்சிடலாம்." அடிக்கிறார்கள். அன்றைக்கு ஜில்லென்று இருக்கிறது. ஆடி பிறப்பதற்குள் மறுபடி அனல், மறுபடி கேஸ். இரண்டு மூன்று கோடை இப்படியே ஓடி, கடைசியில் கம்ப்ரசர் போய்விட்டது என்று பெரிய பில் வந்து நிற்கும்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் வழியாகவும் வருடத்துக்குச் சில கிராம் கசிவது இயல்புதான். எட்டு, பத்து வருடம் ஓடிய காரில் கொஞ்சம் குறைந்திருந்தால் ஆச்சரியமில்லை. ஒரே சீசனில் குறைந்தால் எங்கோ லீக் இருக்கிறது என்று அர்த்தம். கேஸ் துளியும் குறையாமலே கூலிங் போவதற்கும் நிறையக் காரணங்கள் உண்டு. அவற்றில் பலவற்றை வீட்டு வாசலிலேயே செலவில்லாமல் கண்டுபிடித்துவிடலாம். மற்றதை ஒர்க்‌ஷாப்பில்தான் செய்ய வேண்டும். அங்கே என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் தேவையில்லாத பில் வராது.

இங்கே சொல்வது ஆர்-134ஏ கேஸ் போட்ட பெட்ரோல், டீசல் கார்களுக்கு. நம் ஊரில் ஓடுபவை பெரும்பாலும் இவைதான். உங்கள் காரில் எந்த கேஸ் என்பது பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். மின்சாரக் கார், ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் கேஸ் பக்கம் கை வைக்க வேண்டாம். அவற்றின் கம்ப்ரசர் ஓடுவது ஆளைக் கொல்லக்கூடிய வோல்டேஜில். உள்ளே ஊற்றும் ஆயிலும் வேறு ரகம்.

ஏசி எப்படி வேலை செய்கிறது என்று ஒரு பத்தி மட்டும். கம்ப்ரசர் கேஸை அழுத்திச் சூடாக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கன்டென்சருக்குத் தள்ளுகிறது. அங்கே காற்று பட்டுச் சூட்டை விட்டுவிட்டு கேஸ் திரவமாகிறது. வழியில் ட்ரையர் ஈரத்தையும் குப்பையையும் பிடித்துக்கொள்கிறது. பிறகு எக்ஸ்பேன்ஷன் வால்வின் சின்னத் துளை. அதைத் தாண்டியதும் அழுத்தம் சடாரென்று விழுந்து, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அந்தத் திரவம் 0 முதல் 5 டிகிரிக்குள் கொதித்து ஆவியாகிறது. கொதிப்பதற்கு வேண்டிய சூட்டை உங்கள் கேபின் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆவி திரும்பவும் கம்ப்ரசருக்கு. ஆக, ஏசி செய்வது உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டும் வேலை. உள்ளே அள்ள முடியாவிட்டாலும் கூலிங் போகும், வெளியே கொட்ட முடியாவிட்டாலும் போகும். இந்த இரண்டையும் பார்க்காமல் கேஸ் மட்டும் அடிப்பதால்தான் அதே கோளாறு திரும்பத் திரும்ப வருகிறது.

எப்போது கூலிங் போகிறது என்று முதலில் கவனியுங்கள்

"கூலிங் இல்லை" என்பது மெக்கானிக்குக் கொடுக்கும் தகவலே இல்லை. எந்த நேரத்தில், எந்த வேகத்தில், எவ்வளவு நேரம் ஓட்டிய பிறகு என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

ஹைவேயில் ஜில்லென்று இருக்கிறது, சிக்னலில் நின்றால் சூடாகிறது என்றால் சந்தேகம் கன்டென்சர் மேல். ஓடும்போது எதிர்க்காற்று ஃபேனின் வேலையைச் செய்துவிடுகிறது. நின்றதும் ஃபேன்தான் கதி. அது ஓடவில்லை, அல்லது கன்டென்சர் அடைத்திருக்கிறது.

முதல் ஒரு மணி நேரம் பிரமாதமாக இருந்து, பிறகு காற்றே குறைந்துகொண்டு வருகிறது. ஏசியை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் போட்டால் மறுபடி பழையபடி. இது கூலிங் காயிலில் ஐஸ் கட்டுவது. மதுரையிலிருந்து சென்னை வரை நிற்காமல் ஓட்டுபவர்களுக்கு நன்றாகத் தெரிந்த தொல்லை. காயில் 0 டிகிரியை நெருங்கும்போது கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லும் தெர்மிஸ்டர் வேலை செய்யாமல் போயிருக்கும். ஃபில்டர் அடைத்துக் காற்று குறைவாகப் போனாலும் ஐஸ் கட்டும். கேஸுக்கு இதில் சம்பந்தம் குறைவு.

காலையில் நன்றாக இருந்து, உச்சி வெயிலில் அரை மணி ஓடியதும் "டக்" என்று நின்றுபோனால், கம்ப்ரசரை இன்ஜின் பெல்ட்டோடு சேர்க்கும் க்ளட்ச், அல்லது அதற்குக் கரன்ட் கொடுக்கும் ரிலே. மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்திருந்தால் லீக். நேற்றுவரை நன்றாக இருந்து இன்று சுத்தமாக இல்லை என்றால் ஃபியூஸ், பெல்ட், எலி கடித்த ஒயர், அல்லது கன்டென்சரில் பட்ட கல்.

ப்ளோயர் கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடி மற்றவற்றில் ஓடவில்லை என்றால் அதன் ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது, சின்னச் செலவு. முன் சீட்டில் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் தேங்கினால், கூலிங் காயிலில் சேரும் தண்ணீரை வெளியே விடும் ட்ரெயின் பைப் அடைப்பு. காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது விழவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

வாசலில் செய்யக்கூடிய சோதனை

சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று போதும். காரை நிழலில் நிறுத்துங்கள். கண்ணாடிகளை ஏற்றி, காற்று உள்ளுக்குள்ளேயே சுற்றும் பட்டனை அழுத்தி, ப்ளோயரை நடு வேகத்தில் வைத்து, இன்ஜினை 1500 ஆர்பிஎம்மில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். நடு வென்டில் தெர்மாமீட்டர் முனை இருக்கட்டும். வெளியே 35 டிகிரி இருந்தால் வென்டில் 8 முதல் 12 டிகிரி வரை வந்தால் நல்லது. வெளியே 40 என்றாலோ, கடலோர ஊரின் புழுக்கமாக இருந்தாலோ இரண்டு மூன்று டிகிரி கூடலாம். காற்றில் உள்ள ஈரத்தைத் தண்ணீராக்கவே ஏசியின் சக்தி கணிசமாகச் செலவாகிவிடுகிறது. 15-ஐத் தாண்டினால் கோளாறு. இந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், ரிப்பேர் முடிந்தபின் ஒப்பிட வேண்டும்.

அடுத்து கேபின் ஃபில்டர். பெரும்பாலான கார்களில் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். இரண்டு பக்கமும் அழுத்தினால் பாக்ஸ் கீழே தொங்கும், ஃபில்டர் மூடி தெரியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். வேப்பிலைச் சருகு, முடி, சில சமயம் எலி பஞ்சைக் கிழித்துக் கட்டிய கூடே அங்கே இருக்கும். ஃபில்டரே இல்லாமல் வரும் கார்களும் உண்டு. அவற்றில் அந்தக் குப்பை முழுவதும் நேராகக் கூலிங் காயிலில் போய் அப்பிக்கொள்கிறது.

கன்டென்சரைக் க்ரில் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பூச்சி, சேறு, பறந்து வந்து ஒட்டிய பிளாஸ்டிக் பை எல்லாம் தெரியும். தோட்டத்துக் குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவினால் போதும். வாட்டர் சர்வீஸில் அடிக்கும் பிரஷர் தண்ணீர் அந்த மெல்லிய அலுமினியத் தகடுகளை மடக்கிவிடும்; மடங்கிய இடத்தில் காற்றே போகாது.

அப்புறம் ஃபேன். ஏசி போட்டதும், சில கார்களில் அழுத்தம் ஏறியதும், அது சுற்ற வேண்டும். எப்போது வேண்டுமானாலும் தானாகக் கிளம்பும் என்பதால் விரலையோ துப்பட்டாவையோ பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. சுற்றவே சுற்றாத ஃபேனைக் கண்டுபிடிப்பது எளிது. பிரஷ் தேய்ந்து சோம்பலாகச் சுற்றும் ஃபேன்தான் ஏமாற்றும். ஒரு ஏ4 தாளை க்ரில்லுக்கு முன்னால் கொண்டுபோங்கள். ஃபேன் சரியாக இழுத்தால் தாள் போய் அப்படியே ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாமல் நழுவினால் ஃபேனில் வேகம் இல்லை. தாள் வெளியே தள்ளப்பட்டால் இன்னும் சுவாரஸ்யம்: மோட்டார் மாற்றிய யாரோ ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், ஃபேன் தலைகீழாகச் சுற்றி எதிர்க்காற்றோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. இப்படி ஓடும் காருக்கு எவ்வளவு கேஸ் அடித்தாலும் பிரயோஜனமில்லை.

பானெட்டுக்குள் இரண்டு அலுமினியப் பைப்புகள் கேபின் சுவருக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு. தடிமன் பைப் ஜில்லென்று வேர்த்திருக்க வேண்டும்; மெல்லிசு பைப் சூடாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் கம்ப்ரசர் அழுத்தவில்லை, அல்லது கேஸ் இல்லை. கம்ப்ரசரிலிருந்து கன்டென்சருக்குப் போகும் பைப்பை மட்டும் தொட வேண்டாம், சுட்டுவிடும்.

தடிமன் பைப் நன்றாக ஜில்லென்று இருக்கிறது, ஆனால் உள்ளே வருவது சூடான காற்று. இப்படியும் நடக்கும். அப்போது குற்றவாளி ஏசியே இல்லை, ஹீட்டர். டேஷ்போர்டுக்குள் குளிர்ந்த காற்றையும் ஹீட்டர் காற்றையும் கலக்கும் ஒரு மடிப்புக் கதவு இருக்கிறது. அதன் மோட்டாரோ கேபிளோ கெட்டுப் பாதியில் நின்றிருக்கும். காலையில் இன்ஜின் சூடாகும் வரை ஜில்லென்று இருந்து, டெம்பரேச்சர் முள் ஏறியதும் கூலிங் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால், தடிமன் பைப் அப்போதும் ஜில்லென்று இருந்தால், இதுதான். டேஷ்போர்டுக்குள் "டிக் டிக்" என்று சத்தம் கேட்டால் மோட்டாரின் பல்சக்கரம் உடைந்திருக்கிறது.

கம்ப்ரசர் சேருகிறதா?

ஏசி பட்டனை அழுத்தியதும் பானெட் பக்கம் "டக்" என்று ஒரு சத்தம் வரும், இன்ஜின் வேகம் லேசாகத் தடுமாறி நிலைக்கும். அது மேக்னடிக் க்ளட்ச் சேரும் சத்தம். புதிய கார்கள் சிலவற்றில் க்ளட்ச்சே கிடையாது, உள்ளே இருக்கும் கன்ட்ரோல் வால்வ்தான் எல்லாம். அவற்றை ஸ்கேனர் மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

சத்தம் வராவிட்டால் முதலில் ஃபியூஸ். அடுத்து ரிலே: பெட்டியில் அதே நம்பர் போட்ட ஹாரன் ரிலே இருந்தால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், ஏசி வந்துவிட்டால் ரிலேதான். அதுவும் சரி என்றால் பிரஷர் ஸ்விட்ச். கேஸ் அழுத்தம் கிட்டத்தட்ட 2 பாருக்குக் (ஒரு பார் என்பது சுமார் 14.5 பிஎஸ்ஐ) கீழே போனாலும், 30 பாரைத் தாண்டினாலும் அது கம்ப்ரசரை நிறுத்திவிடும். சிலர் இந்த ஸ்விட்சை ஒரு ஒயர் துண்டால் ஷார்ட் செய்து கம்ப்ரசரை ஓட்டிக் காட்டுவார்கள். ஓடும், ஆனால் கம்ப்ரசருக்கு ஆயில் போவது கேஸோடு சேர்ந்துதான். கேஸ் இல்லாமல் ஓட்டினால் வறண்டு தேய்ந்துவிடும்.

க்ளட்ச் ஒயரில் 12 வோல்ட் வருகிறது, ஆனால் க்ளட்ச் சேரவில்லை. இந்த இடத்தில்தான் ஏகப்பட்ட நல்ல கம்ப்ரசர்கள் தூக்கி எறியப்படுகின்றன. இன்ஜினை அணைத்து, டார்ச் அடித்து, கம்ப்ரசர் புல்லிக்கும் அதன் முன்னால் இருக்கும் தட்டுக்கும் நடுவே பாருங்கள். அந்த இடைவெளி பெரும்பாலும் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வருடக்கணக்கில் சேர்ந்து சேர்ந்து தட்டு தேய, இடைவெளி கூடிக்கொண்டே போகும். க்ளட்ச்சின் மின்காந்தக் காயில் குளிர்ந்திருக்கும்போது காந்தம் எப்படியோ இழுத்துவிடும். சூடானதும் செம்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் ஏறி, கரன்ட் குறைந்து, காந்தம் வலுவிழந்து, அந்த ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட முடியாமல் விட்டுவிடும். காலையில் வேலை செய்து மதியம் படுத்துக்கொள்ளும் ஏசியின் ரகசியம் இதுதான். தட்டைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துருப்பொடி தூவியிருப்பதும், ஓரம் நீலம் பாய்ந்திருப்பதும் கூடுதல் அடையாளம்.

நடு போல்ட்டைக் கழற்றித் தட்டை எடுத்தால், ஷாஃப்ட்டில் காகிதம் போல மெல்லிய வாஷர்கள் இருக்கும். ஒன்றை எடுத்துவிட்டு மாட்டினால் இடைவெளி குறைந்துவிடும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து மூன்று இடத்தில் அளக்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் வாஷர் அதிகமாக எடுத்துவிட்டீர்கள். கேஸை இறக்க வேண்டிய அவசியமே இல்லை. க்ளட்ச் காயில் எரிந்திருந்தால் மல்டிமீட்டர் காட்டிவிடும்: நல்ல காயில் 3 அல்லது 4 ஓம் சுமாருக்கு இருக்கும். காயில் மட்டும் தனியாகக் கிடைக்கும் கம்ப்ரசர்கள் நிறைய உண்டு.

கேஜ் மாட்டிப் பார்ப்பது

இதுவரை எதுவும் சிக்காவிட்டால், கேஸின் அழுத்தத்தை அளக்கும் கேஜ். தடிமன் பைப்பில் இருக்கும் போர்ட் லோ சைடு, அதாவது அழுத்தம் குறைந்த பக்கம்; மெல்லிசு பைப்பில் இருப்பது ஹை சைடு, அழுத்தம் கூடிய பக்கம். இரண்டின் அளவும் வேறு என்பதால் கேஜ் ஹோஸை இடம் மாற்றி மாட்ட முடியாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஆர்-134ஏ திரவம் திறந்த காற்றில் மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது. கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

இன்ஜின் அணைத்து ஆறியிருக்கும்போது இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் நிற்கும். 30 டிகிரியில் 97 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் 114 பிஎஸ்ஐ சுமாருக்கு. இது சரியாக இருந்தால் கேஸ் ஃபுல்லாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கும் வரை, பாதி கேஸ் இருந்தாலும் இதே எண்தான் வரும். அழுத்தத்தைப் பார்த்துக் கேஸ் அளவைச் சொல்பவர் குத்துமதிப்பாகச் சொல்கிறார், அவ்வளவுதான்.

ஓடும்போது, வெளியே 35 டிகிரி இருந்தால், லோ சைடு 30-லிருந்து 45 பிஎஸ்ஐ, ஹை சைடு 200-லிருந்து 260 பிஎஸ்ஐ என்பது ஆரோக்கியமான ஜோடி. கோளாறு இருந்தால் இந்த ஜோடி எப்படிக் கலைகிறது என்பதில்தான் விஷயம்.

இரண்டுமே குறைவு என்றால் கேஸ் குறைவு. இரண்டுமே அதிகம் என்றால் கேஸ் அதிகமாக அடித்திருக்கிறார்கள், அல்லது கன்டென்சர் சூட்டை வெளியே விட முடியாமல் தவிக்கிறது. ஒரு வாளித் தண்ணீரைக் கன்டென்சர் மேல் ஊற்றுங்கள். ஹை சைடு மளமளவென்று இறங்கி, கூலிங்கும் வந்தால் ஃபேன் அல்லது அடைப்பு. லோ அதிகம், ஹை குறைவு, இரண்டும் கிட்டக்கிட்ட நிற்கிறது என்றால் கம்ப்ரசர் உள்ளே தேய்ந்துவிட்டது. கம்ப்ரசரை மாற்றச் சொல்பவர் இந்தக் கேஜ் ரீடிங்கைக் காட்டிவிட்டுச் சொல்லட்டும். லோ சைடு பூஜ்யத்துக்கும் கீழே இறங்கி வேக்கம் (வெற்றிடம்) காட்டினால் எக்ஸ்பேன்ஷன் வால்வோ ட்ரையரோ அடைத்திருக்கிறது. அடைத்த இடத்தில் பைப் திடீரென்று ஜில்லிட்டிருக்கும், சில சமயம் உறைபனியே பூத்திருக்கும். ஓடத் தொடங்கியபோது சரியாக இருந்து, கொஞ்ச நேரத்தில் வேக்கத்துக்குப் போய், அணைத்துப் போட்டால் மறுபடி சரியாகிறது என்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. அந்த ஈரம் வால்வின் துளையில் ஐஸாகி அடைக்கிறது.

லீக்கைத் தேடுவது

கேஸ் குறைவு என்று உறுதியானால், அடிப்பதற்கு முன் லீக். கேஸ் வெளியேறும் இடத்தில் ஆயிலும் கொஞ்சம் வெளியேறும். அந்த ஆயிலில் தூசி ஒட்டிக் கருப்பாக, பிசுபிசுவென்று ஒரு திட்டு இருக்கும். பைப் ஜாயின்ட், கம்ப்ரசர் முன்பக்கம், கன்டென்சரின் கீழ் மூலை ஆகிய இடங்களில் விரல் வைத்துப் பாருங்கள். சர்வீஸ் போர்ட் வால்வின் மேல் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சைக்கிள் டியூப் வால்வ் போன்ற அந்தச் சின்னப் பின் கசிவதால் வருடா வருடம் கேஸ் அடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

வெளியே எங்கும் சிக்காவிட்டால் நைட்ரஜன் அடித்து 150 பிஎஸ்ஐ வரை ஏற்றி, கேஜைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ரெகுலேட்டர் இல்லாமல் சிலிண்டரை நேராக மாட்டக் கூடாது. பஞ்சர் கடைக் காற்று ஆகாது, அதில் ஈரம் இருக்கிறது. ஆக்சிஜன் கூடவே கூடாது. ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். முள் இறங்குகிறது, ஆனால் பானெட்டுக்குள் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தும் குமிழி எங்கும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது கூலிங் காயில். ப்ளோயரை அணைத்துவிட்டு, எலெக்ட்ரானிக் டிடெக்டர் முனையை வென்டிலோ ட்ரெயின் பைப்பிலோ வைத்தால் தெரியும். ஆனால் டிடெக்டருக்கு நைட்ரஜன் தெரியாது, உள்ளே கொஞ்சம் ஆர்-134ஏ இருக்க வேண்டும். காயில்தான் லீக் என்றால் பல கார்களில் டேஷ்போர்டைக் கழற்ற வேண்டிவரும். கூலிதான் அங்கே பெரிய செலவு. அதனால் உறுதியாகத் தெரியாமல் சம்மதிக்காதீர்கள். கழற்றும்போதே எக்ஸ்பேன்ஷன் வால்வையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

லீக்கை அடைக்கும் திரவம் என்று கேனில் விற்கிறார்களே, அது வேண்டாம். ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, எக்ஸ்பேன்ஷன் வால்வையும் ஒர்க்‌ஷாப் மெஷினையும் அடைத்துவிடக்கூடும்.

பிரித்து மாட்டுவது, வேக்கம், கேஸ்

மிச்சம் இருக்கும் கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் ரெகவரி மெஷினில் எடுக்கச் சொல்லுங்கள். ஆர்-134ஏ ஒரு கிலோ, பூமியைச் சூடாக்குவதில் 1430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு சின்னக் காரின் 400 கிராம் என்றால் அரை டன்னுக்கு மேல். எடுத்த கேஸை எடை பார்த்தால், எவ்வளவு குறைந்திருந்தது என்பதும் தெரிந்துவிடும்.

அலுமினிய ஜாயின்ட்டைக் கழற்ற எப்போதும் இரண்டு ஸ்பேனர். ஒன்றில் பிடித்து ஒன்றில் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் பைப் முறுக்கிக்கொள்ளும். திறந்த ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் புது ஓ-ரிங், அதில் கம்ப்ரசர் ஆயில் தடவி. திறந்த பைப் வாயைப் பிளாஸ்டிக் போட்டு மூடி வைக்க வேண்டும். சிஸ்டத்தைத் திறந்தால் ட்ரையரை மாற்றுங்கள். சில கார்களில் அது கன்டென்சரோடு சேர்ந்தே வருகிறது. ஆயில் ரகத்தைக் கம்ப்ரசர் லேபிளில் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பழைய பார்ட்டில் இருந்து வடித்த ஆயிலை அளந்து, அதே அளவு புதிதாக ஊற்றுவது பொதுவான முறை.

கம்ப்ரசர் உள்ளே உடைந்து மாட்டிக்கொண்ட கார் என்றால் கதை வேறு. எக்ஸ்பேன்ஷன் வால்வைக் கழற்றி அதன் வாயில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளி மினுக்கத்தோடு சாம்பல் நிற ஆயில் வந்தால், கம்ப்ரசரின் உலோகத் தூள் முழு சிஸ்டத்திலும் ஓடியிருக்கிறது. பைப்புகளையும் காயிலையும் ஃப்ளஷ் செய்யலாம். இன்றைய கன்டென்சரின் மெல்லிய இணைக் குழாய்களை ஃப்ளஷ் செய்து சுத்தமாக்க முடியாது. தூள் நின்றுவிட்ட குழாயை விட்டுவிட்டுத் திரவம் பக்கத்துக் குழாயில் போய்விடும். ஆகவே கம்ப்ரசர், கன்டென்சர், ட்ரையர், எக்ஸ்பேன்ஷன் வால்வ் நாலும் மாற்ற வேண்டும். கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் அந்தத் தூளே புதிய கம்ப்ரசரையும் தின்றுவிடும். "போன வருஷம்தான் மாத்தினேன்" என்று புலம்புபவர்களின் பில்லை வாங்கிப் பார்த்தால், பெரும்பாலும் அதில் கம்ப்ரசர் மட்டும்தான் இருக்கும்.

மாட்டி முடித்ததும் வேக்கம், அதாவது பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது. பாதரசக் கணக்கில் 29 அங்குலத்துக்கு மேல் இழுத்தால், உள்ளே இருக்கும் தண்ணீர் 25 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். குறைந்தது அரை மணி, மழைக்காலத்தில் ஒரு மணி. பிறகு வால்வை மூடி, பம்பை நிறுத்தி, கால் மணி நேரம் முள்ளைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் பம்பை ஓட்டிவிட்டுக் கேஸ் போடுபவரிடம் வண்டியை விடாதீர்கள். அதே சமயம் வேக்கம் நின்றதாலேயே லீக் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அது சோதிப்பது ஒரு பார் வித்தியாசத்தை. ஏசி ஓடுவது பதினைந்து பாருக்கு மேல். நைட்ரஜன் சோதனையை விட்டுவிடக் கூடாது என்பது இதனால்தான்.

கேஸ் போடுவது கிராம் கணக்கில், எடை மெஷினில் வைத்து. ஸ்டிக்கரில் அளவு இருக்கும். சின்னக் கார்களுக்கு 350-லிருந்து 500 கிராம் வரை இருப்பது வழக்கம். கேன் வழியாகப் போடும்போது ஹோஸில் உள்ள காற்றை முதலில் வெளியேற்ற வேண்டும். இன்ஜின் ஓடும்போது லோ சைடு வழியாக மட்டும், கேனை நிமிர்த்தி வைத்து, ஆவியாகப் போக வேண்டும். ஓடும்போது ஹை சைடு வால்வைத் திறந்தால் கேனே வெடித்துவிடும். "கொஞ்சம் எக்ஸ்ட்ரா போட்டுடறேன்" என்ற தாராளம் வேண்டாம்: கூடுதல் கேஸ் கன்டென்சரை நிரப்பி, அழுத்தத்தை ஏற்றி, கூலிங்கைக் குறைக்கும்.

அடிப்பது உண்மையிலேயே ஆர்-134ஏதானா என்பது தனிக் கவலை. எல்பிஜி போன்ற எரியும் கேஸ் கலந்த மலிவுச் சரக்கு சந்தையில் உண்டு. டேஷ்போர்டுக்குள் லீக் ஆனால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு கலப்படம் மெத்தில் குளோரைடு. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்று பட்டால் தானே பற்றும் பொருளை உண்டாக்கும். 2011-ல் கப்பல்களில் ஏற்றும் குளிர்சாதன கன்டெய்னர்கள் சில இதனால் வெடித்து ஆட்கள் இறந்தார்கள். இரவு முழுக்க நிழலில் கிடந்த சிலிண்டரில் கேஜ் மாட்டினால் 30 டிகிரியில் 97 பிஎஸ்ஐ வர வேண்டும். பெரிதாக விலகினால் வாங்காதீர்கள். பொருந்தினாலும் அது முழு உத்தரவாதம் அல்ல. பில் கொடுக்கும் கடையில், சீல் உடையாத கேன் வாங்குவதுதான் பாதுகாப்பு.

கேஸ் போட்டதும் வாசலில் செய்த அதே தெர்மாமீட்டர் சோதனையைச் செய்து, முன்பு குறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். எவ்வளவு கிராம், என்ன ஆயில், எந்தத் தேதி என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கேஸோடு கொஞ்சம் யுவி டையும் (லீக் ஆன இடத்தைக் காட்டும் சாயம்) போடச் சொல்லியிருந்தால், இரண்டு வாரம் ஓட்டியபின் இரவில் பானெட்டைத் திறந்து, நீல விளக்கை ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் அடித்துப் பாருங்கள். பச்சையாக மின்னும் இடம் ஏதாவது இருந்தால், கேஸ் தீரும் வரை காத்திருக்காமல் அந்த வாரமே வண்டியைத் திரும்பக் கொண்டுபோய் அந்த ஜாயின்ட்டைக் காட்டுங்கள்.